முதல் இடம்

போர் முடிந்தும் சர்க்கரைக்கு ரேஷன் முடியவில்லை. பூட்டிய ரேஷன் கடை வாசலில், ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் இடம்பிடித்து நின்றன, ஒரு செங்கல்லும் அதன் பின்னால் ஒரு துணிப்பையும். மூன்றாவதாக இருந்த மண்ணெண்ணெய் டின்னுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பூதம் எழுந்தது.

"ஒரே ஒரு வரம் தருவேன். கேளுங்கள்!"

"ஒரு மூட்டை சர்க்கரை!" என்று பை வாயைப் பிளந்தது.

"வரிசையில் வா. முதலில் யார்?" என்று அதட்டியது பூதம்.

"நான்தான்" என்றது செங்கல்.

"அண்ணே, சர்க்கரையே கேளுங்கண்ணே!" என்று பை கெஞ்சியது.

செங்கல் யோசித்தது. "சர்க்கரை வந்துட்டா வரிசை கலைஞ்சிடும். அப்புறம் நான் வெறும் செங்கல். பழையபடி துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுக்கப் போகணும். சாமி, நாளைக்கும் நானே முதல்ல நிக்கணும்."

"தந்தேன்" என்று பூதம் டின்னுக்குள் போய்விட்டது.

மறுநாள் கடைக்காரர் வந்து, 'சரக்கு வரவில்லை' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார். செங்கல்லுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பை அன்று முழுவதும் அதோடு பேசவில்லை. சாயங்காலக் காற்று பையை ஓரடி தள்ளிவிட்டபோதுதான் பதறிக் கத்தியது.

"அண்ணே, ரெண்டாவது இடம் என்னோடதுதானே?"