உடனே புறப்படவும்

“அண்ணன் வீட்டுத் தந்தியில ‘உடனே புறப்படவும்’னு ரெண்டு வார்த்தைதான் இருக்கு. வேற என்னத்தப் போடுவாவ, பாவம்,” என்றார் குமரகுருபரன்.

வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில் அவர் மடியில் ரோஜா மாலை கனத்தது. பக்கத்தில் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அண்ணன் தில்லைநாயகத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சுவலி வந்திருந்தது. தந்திக்காரன் சைக்கிள் மணியைக் கேட்டாலே அழ ஆரம்பித்துவிடுகிற குடும்பம் அது.

போன மாதம்தான் அண்ணன் வீடு தேடி வந்திருந்தார்.

“பேத்தி வேணிக்கு வந்திருக்கது விழித்திரை நோயாம்லே. பன்னெண்டு வயசுலயே பார்வை சுருங்கிக்கிட்டே போகுது. நம்ம பரம்பரை ரத்தத்துல வாறதாம். சொந்தக்காரங்க முப்பது பேரு ரத்தம் குடுத்தா, இனி எந்தப் பிள்ளைக்கு வரும்னு சோதிச்சுச் சொல்லிருவாங்களாம்.”

“குடும்பத்துல குருடுன்னு ஊருக்குத் தெரிஞ்சா எம்மவ சுகிர்தாவ எவன் கட்டுவான்? போயிட்டு வாங்க,” என்று வாசலோடு அனுப்பிவிட்டார் குமரகுருபரன். மற்ற பங்காளிகளும் அதே பாட்டைத்தான் பாடினார்கள்.

வண்ணார்பேட்டை வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்க்காத பங்காளிகள்கூட ஆளுக்கொரு மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. குளிப்பாட்டுகிறார்கள் போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் மகள் ஞானம்பாள் சிவந்த கண்களோடு எதிரே வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் இவர் உடைந்துபோனார்.

“ஒரு ஊசி ரத்தம் கேட்டாவளே மவளே. குடுக்காம வெரட்டிட்டேனே, பாவி.”

“இப்பவும் குடுக்கலாம் சித்தப்பா. சென்னையிலேருந்து டாக்டரம்மா வந்திருக்காங்க. இன்னைக்கு விட்டா திரும்ப வர மாட்டாங்க.”

குமரகுருபரன் சட்டைக் கையை மடித்துவிட்டு, திண்ணையில் இருந்த டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். “எடுங்கம்மா. எம்மவளயும் சென்னைக்கே கூட்டியாறேன். கட்டப்போறவன் தெரிஞ்சே கட்டிக்கிடட்டும்.”

அவரே உட்கார்ந்த பிறகு மற்றவர்களுக்கு என்ன வீம்பு? ஒவ்வொருவராக எழுந்து பின்னால் வரிசையில் நின்றார்கள். முப்பத்தோராவது குப்பியை மூடி, “இது தாராளமாப் போதும்மா,” என்று டாக்டரம்மா சிரித்தார். ஞானம்பாள் தன் மகள் வேணியை இறுக அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கல்லாக இருந்த சொந்தமா இது என்று குமரகுருபரனுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

“அண்ணன் இருந்து இதப் பாக்கலியே,” என்றபடி அவர் மாலையை எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

நெற்றி நிறைய விபூதியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த தில்லைநாயகம், சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

“உசுரோட வாசல்ல வந்து கெஞ்சினப்ப ஒருத்தனும் எந்திரிக்கலியேலே. அதான் தந்தி அடிச்சேன்.”