குறைந்தபட்ச அளவு

எல்க் மான் வேட்டைக்கு மலைமேல் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி, அன்றுதான் என் துப்பாக்கிக் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக வந்து நின்றவள் ஆரினின் மனைவி மார்லிஸ். துப்பாக்கி என்றாலே முகம் சுளிப்பவள்.

“லாயிட், ஆரினோட ரிவால்வருக்கு வெடிமருந்து எவ்வளவு போடணும்?” மருந்தைக் கையால் கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்தும் பழங்கால மாதிரி அது.

“பழைய கரிமருந்தா, இப்ப வர்ற மாற்று மருந்தா?”

“மாற்றுதான். இதுக்குமேல போடாதேன்னு டப்பாவுல இருக்கு. எனக்குக் குறைஞ்ச அளவு வேணும். இன்டர்நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

மருந்து குறைந்தால் சத்தமும் குறையும். அந்த வீட்டுச் சண்டை ஊரறிந்தது.

“உங்க வீட்டுக்காரரையே கேக்கலாமே. அவர் வரலையா?”

“கூடத்தான் வந்திருக்கார்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வண்டியில் யாரும் இல்லை.

“எதைச் சுடப்போறீங்க, மார்லிஸ்?”

“எதையும் இல்ல. மருந்து போட்டப்புறம் மேல இடம் மிஞ்சினா என்ன செய்வீங்க?”

பேச்சுக் கொடுத்தபடியே, ஷெரீப்பைக் கூப்பிடத் தொலைபேசியை மெல்ல இழுத்தேன்.

“சோளமாவு போட்டு நிரப்புவோம். அதுக்கு மேலதான் குண்டு.”

“அவரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனார்.”

கைப்பையிலிருந்து சின்ன ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பாதிக்குச் சாம்பல் இருந்தது.

“மாவுக்குப் பதிலா இவரைப் போடலாமா, லாயிட்?”