சனிக்கிழமை முடியாதுக்கா

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க, கவின். ஆனா சமூக சேவைன்னு கேட்ட இடத்துல ஒண்ணுமே இல்லையே?"

சாந்தினி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். செனாய் ஊரில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் ஃபேக்டரியில் அவள் ஹெச்.ஆர். மேனேஜர். கவின் இளம் இன்ஜினியர். சிங்கப்பூரில் எம்பிஏ படிக்க அவன் விண்ணப்பம் போடுகிறான் என்று தெரிந்ததும், அங்கேயே படித்துவிட்டு வந்த சாந்தினி தானாகவே உதவ முன்வந்திருந்தாள்.

"அப்படி ஒண்ணும் செஞ்சதில்லக்கா."

"மார்க்கு எல்லார்கிட்டயும்தான் இருக்கும் லா. அதைத் தாண்டி மத்தவங்களுக்கு என்ன செஞ்சேன்னு பாப்பாங்க. இன்டர்வியூல கண்டிப்பா கேப்பாங்க."

அனுபவத்தில் சொன்னாள். அவள் விண்ணப்பம் போட்ட சமயத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சோறு பரிமாறினாள். படிக்க இடம் கிடைத்த பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அதைத் தப்பாக நினைத்ததும் இல்லை.

"கூலாய்ல பக்கவாதம் வந்தவங்களுக்கு ஒரு பிசியோதெரபி மையம் இருக்கு. சனிக்கிழமை காலைல தொண்டூழியர் தேடுறாங்க. வீல்சேர் தள்ளணும், பேச்சுத் துணைக்கு இருக்கணும், அவ்வளவுதான். இப்ப ஆரம்பிச்சா இன்டர்வியூ வர்றதுக்குள்ள சொல்றதுக்கு விஷயம் சேர்ந்துடும்."

கவின் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை முடியாதுக்கா."

"ஏன்? நமக்கு லீவுதானே?"

"கொஞ்சம் வேலை இருக்கு."

"அலமாக்! கடற்கரையைச் சுத்தம் பண்ண மெர்சிங் போனப்பவும் இதையேதான் சொன்ன. அப்படி என்ன வேலை, ஒவ்வொரு சனிக்கிழமையும்?"

அவன் சிரித்து மழுப்பினான்.

சாந்தினிக்கு எரிச்சலாக வந்தது. ஃபுட்சால் ஆடப் போவான். இல்லையென்றால் மத்தியானம் வரை தூங்குவான். இத்தனை புத்தி இருந்தும் மற்றவர்களுக்காக ஒரு காலைப் பொழுதை விட மனசு வரவில்லையே! நாமே போய் இவன் பேரைக் கொடுத்துவிட்டால் வந்துதானே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணினாள்.

அந்தச் சனிக்கிழமை கூலாய்க்குப் போனாள். மையத்தின் பின்பக்கத் தெருவில் காரை நிறுத்திவிட்டு இறங்கியவள் அப்படியே நின்றாள்.

கடை வரிசையின் ஓரத்தில் கவினின் வெள்ளை மைவி கார். உள்ளே அவன்தான். சீட்டைச் சாய்த்துப் போட்டு, காதில் இயர்போன், மடியில் லேப்டாப், கையில் தே ஐஸ் தேநீர்ப் பொட்டலம்.

இதுதான் அந்தப் பெரிய வேலையா? யாருக்கோ காத்திருக்கிறான். பெண்ணாகத்தான் இருக்கும்.

கண்ணாடியைத் தட்டலாமா என்று ஒரு அடி வைத்தாள். முதலில் பேரைக் கொடுப்போம், பிறகு வைத்துக்கொள்கிறேன் கச்சேரி என்று உள்ளே போய்விட்டாள்.

அலுவலக அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் கைத்தடியோடு ஒரு பெரியவர். அவள் தோள்பையில் இருந்த கம்பெனிப் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அந்த ஃபேக்டரியாம்மா நீங்க? அப்போ நம்ம கவினைத் தெரியுமே?"

"தெரியும். நீங்க..."

"அர்ச்சுனன். செடெனாக்ல அவனுக்குப் பக்கத்து வீடு. காலைல வேலைக்குப் போற வழியில என்னை இங்க இறக்கிவிட்டுட்டுப் போவான். முடிஞ்சு திரும்பறப்ப ஏத்திக்குவான்."

"சனிக்கிழமையா?"

"என்னம்மா, உங்க ஃபேக்டரியில சனிக்கிழமை ஓவர்டைம்தானே? அதான் எனக்கு வசதியாப் போச்சு. கோயில் சங்கத்துல வேன் அனுப்புறேன்னாங்க. வேணாம்னுட்டேன். காலமெல்லாம் லோரி ஓட்டுனவன் நான். எனக்காக ஒருத்தன் மெனக்கெட்டு வண்டி எடுக்கணும்னா, வீட்டுலயே கிடந்துட்டுப் போறேன். இவன் எப்படியும் வர்ற வழி. அதனால ஏறிக்கிறேன்."

சாந்தினி பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கை அசையவே மாட்டேன்னுச்சும்மா. இப்பப் பாருங்க." இடது கை விரல்களை மெல்ல மடக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

பின்பக்க ஜன்னலில் அந்த வெள்ளைக் காரின் கூரை தெரிந்தது. சாந்தினி நாற்காலியை நகர்த்தி, அது அவர் கண்ணில் படாதபடி மறைத்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க அங்க என்னவா இருக்கீங்க?"

"மேனேஜர்ங்க."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பையன் சிங்கப்பூர்ல படிக்க எழுதிப் போட்டிருக்கானாம். வாரமெல்லாம் வேலை வாங்கிட்டு, லீவு நாள்லயும் கூப்பிட்டா எப்பம்மா படிப்பான்? கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா? என்னைப் பத்தி யோசிக்காதீங்க. நான் இங்க வராட்டிப் போறேன். சனிக்கிழமை மட்டும் அவனை விட்டுடுங்களேன்."

சாந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலை வேண்டுமென்றே கறாராக்கிக்கொண்டு சொன்னாள்.

"அதெல்லாம் முடியாதுங்க. சனிக்கிழமை கவின் வரலைன்னா எங்க ஃபேக்டரியே ஓடாது."