சிங்கத்துக்குப் பின்னால் வந்த குரல்

சிங்கம் கர்ஜிக்கவில்லை.

பள்ளி ஆண்டுவிழாத் திரையில் வாயைப் பிளந்தபடி நின்றது, அவ்வளவுதான். மடிக்கணினியிலிருந்து படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒரு டீச்சர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். இன்னொரு டீச்சர் ஓடிவந்து அதே ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

மேடையில் மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதுனா நின்றாள். இரண்டாம் வகுப்பு.

மூன்றாவது வரிசையில் அவளுடைய அப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

போன வருடம் இதே மேடையில் 'என் குடும்பம்' என்று ஆரம்பித்தவள், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அழுகைதான் வந்தது. அதிலிருந்து வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குகிறாளாம்.

அதனால்தான் இந்த வருடம் இத்தனை ஏற்பாடு. 'காட்டில் ஒரு நாள்.' படங்களை அவள் வரைந்தாள். சத்தத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் போதும், பேசவே வேண்டாம்.

இணையத்தில் கிடைத்த சிங்கச் சத்தத்துக்கு முன்னால் ஒரு கடன் விளம்பரம் வந்தது. சரி, நாமே சிங்கமாகிவிடலாம் என்று அவன் இறங்கினான். வீட்டில் ஃபேன் சத்தம் இல்லாத ஒரே இடம் சமையலறை. அங்கே போய் நின்று சிங்கம், யானை, மயில், குரங்கு என்று ஒவ்வொன்றாகக் கத்திப் போனில் பதிவுசெய்தான்.

அங்கே மனைவியும் இருந்தாள்.

எல்லாச் சத்தத்தின் வாலிலும் அவள் குரல் ஒட்டிக்கொண்டது. வெட்டிப் பார்த்தான். வாலை வெட்டப்போய் யானைக்குத் தலை போய்விட்டது. கடைசியில் மகளிடமே சொல்லிவிட்டான்: மிருகம் முடிந்த உடனே அடுத்த பட்டனைத் தட்டிவிடு, அம்மா வரமாட்டாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் பழகினாள். ஒரு தடவைகூட அம்மாவை முந்த முடியவில்லை.

இப்போது தலைமையாசிரியை அவளைக் கீழே இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மிதுனா திரும்பித் திரையைப் பார்த்தாள். தான் வரைந்த சிங்கம் ஊர் முன்னால் ஊமையாக நிற்பது அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கர்ஜித்தாள்.

அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ! முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அப்பன் கைதட்டப் பாதி எழுந்தான்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஏனுங்க, கேஸ் அடுப்ப நிறுத்துனீங்களா?"

அம்மாவின் அதே குரல், அதே இழுப்பு, அதே சலிப்பு.

அரங்கம் ஒரு கணம் விழித்தது. பிறகு சிரித்தது. வலப்பக்கத்தில் மனைவி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள்.

மிதுனா சிரிக்கவில்லை. அவளுக்கு அது தனி வாக்கியமே இல்லை. சிங்கம் அப்படித்தான் முடியும்.

பட்டனைத் தட்டினாள். யானையாகவும் அவளே பிளிறினாள்.

"ஈரத்துண்டக் கட்டில்மேல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

பின்வரிசையில் பல மனைவிகள் பலமாகக் கைதட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவனுக்கோ தலைகால் புரியவில்லை. மகள் பேசுகிறாள். ஊருக்கே கேட்கப் பேசுகிறாள்.

திரையில் மயில் வந்தது.

மயிலுக்குப் பின்னால் என்ன வரும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இடப்பக்கம் பார்த்தான். அவனுடைய அக்கா. பல் வைத்தியத்துக்கென்று தாராபுரத்திலிருந்து வந்தவள், பல் சரியான பிறகும் மருமகள் மேடையேறுவதைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று தங்கிவிட்டாள். பெட்டியின் அடியிலிருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மனைவி அவன் மணிக்கட்டை நெரித்தாள். நிறுத்தச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

ஒரு சைகை போதும். குழந்தை நிறுத்திவிடும். நிறுத்தினால், பிறகு எப்போது வாயைத் திறப்பாளோ.

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

மயில் அகவியது.

"உங்கக்கா இன்னும் எத்தன நாளைக்கு இருக்கறாங்களாமா?"

சிரிப்பு கூரையில் போய் மோதியது.

அது பெரிய சிரிப்பு. ஏழு வயதுக்குத் தாங்காத சிரிப்பு. மிதுனாவின் கீழுதடு பிதுங்கியது. மைக் மெல்லக் கீழே இறங்கியது. போன வருடத்து முகம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம பஸ் ஏறிருவேன் சாமி! நீ அடுத்ததச் சொல்லு!"

மேடையில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. பிறகு பட்டனைத் தட்டும் சத்தம்.

அவன் கண்ணைத் திறந்தபோது மைக் மறுபடி வாய்க்கு ஏறியிருந்தது. திரையில் குரங்கு நின்றது.

குரங்குக்குப் பின்னால் மனைவி சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அது அவனைப் பற்றியது.

கைகளைத் தொடைக்கடியிலிருந்து எடுத்தான். முதல் ஆளாகத் தட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டான்.