மூன்றாம் வார்டு நடிகை

"ஊசி வேண்டாம் டாக்டர். தலையைப் படம் எடுங்க."

இபினாபோ கையை இழுத்துக்கொண்டாள். பிறவியிலேயே அவளுக்கு ரத்தத்தில் சிக்கிள் நோய். எலும்பு வலி தாங்காமல் இந்த வார்டுக்கு வருவதும், ஊசி போட்டுக்கொண்டு போவதும் வழக்கம்தான்.

"சிக்கிள்காரிக்கு வலிக்காம வேற யாருக்கு வலிக்கும்?" டாக்டர் ஒகேசி அலுத்துக்கொண்டார். "இருக்கிறது ஒரே மெஷின். அது வலிப்பு வந்தவங்களுக்கும் அடிபட்டவங்களுக்கும்."

"அந்த வலியோட பொறந்ததுலேர்ந்து குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா? இந்தத் தலைவலி வேற. நீங்களே எனக்கு ரெண்டு டாக்டராத் தெரியறீங்க. ஒருத்தரையே தாங்க முடியல!"

வார்டே கொல்லென்று சிரித்தது. டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று.

"நாளைக்கு இவளை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"நடிக்கிறா டாக்டர்," என்றாள் மேட்ரன் அஃபியோங். "சினிமா எடுக்கிற லாகோஸுக்குப் போக வேண்டியவ, பஸ் மாறி போர்ட் ஹார்கோர்ட்ல இறங்கிட்டா."

பக்கத்துக் கட்டில் டோன்யே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளெல்லாம் ஒரு பொம்பளையா?

மேட்ரன் அதோடு விட்டாளா? டாக்டர் தலை மறைந்ததும், "எந்திரிடி, தலைக்கு ஊத்தினாத்தான் உன் திமிர் இறங்கும்" என்று, நடக்கவே தள்ளாடுகிறவளைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரே அதட்டல்.

வெளியே வந்த மேட்ரனை டோன்யே அம்மா விடவில்லை. "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

"உன் பெப்பர் சூப் ஆறுது. குடி."

மறுநாள் காலை, 'கிளம்பு' என்று சொல்ல டாக்டர் வாயெடுக்கும்போதே இபினாபோ அவர் காலடியில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

ஓடினார்கள். படம் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் கட்டி. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வகையாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முதலில் கண் போயிருக்கும், அப்புறம் ஆளே போயிருப்பாள். இப்போது அறுத்து எடுத்துவிடலாம்.

டாக்டர் எல்லார் எதிரிலும் மேட்ரனைப் பிடித்துக்கொண்டார். "நடிக்கிறான்னு சொன்னது யாரு? ஒரு உயிர் போயிருக்குமே!"

நல்லா வேணும் என்று டோன்யே அம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது.

டாக்டர் போனதும், தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் மேட்ரன் இபினாபோவின் காதருகே குனிந்தாள்.

"குளியலறையில அத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேனேடி, இடது கை மட்டும் இழுக்கணும்னு! நாலையும் சேர்த்து ஆட்டிட்டியே? நல்லவேளை, அந்த ஆளுக்கு எது நிஜம், எது நடிப்புன்னு என்னிக்குமே தெரியாது!"