இரண்டாம் மாடியில் ஒரு சாவி

"பொய் சொல்லாதையுங்கோ. எத்தனை நாளா இப்பிடி மூச்சு வாங்குது?"

துஷானி பேனாவை நீட்டி மிரட்டினாள். எதிரே நாற்காலியில் அவள் கணவன் கிருபன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு மாசம் இருக்கும், மிஸி."

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் பஸ் ஓட்டுகிற கிருபன், ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளி. துஷானி யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் தாதியாக, ஊர்ப் பேச்சில் 'மிஸி'யாக, இருந்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லுபடியாகவேண்டுமானால் ஒரு பரீட்சை பாஸ் பண்ணவேண்டும். அதுவரைக்கும் முதியோர் இல்லத்தில் வெறும் உதவியாள்தான். போன வருடம் கோட்டை விட்டாள். வருகிற வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் பிறகு பரீட்சைக்கே விடமாட்டார்கள்.

பரீட்சையில் நோயாளியைக் கேள்வி கேட்டே கோளாறைப் பிடிக்கவேண்டும். 'நோயாளி முதலில் சொல்வது பாதிதான், நம்பாதே' என்பது பரீட்சை வகுப்பு ஆசிரியையின் வேதவாக்கு. ஆகவே வாராவாரம் புத்தகத்திலிருந்து ஒரு நோயைத் தாளில் எழுதிவந்து கிருபன் நடிப்பான். போன வாரம் சிறுநீரகக் கல்லுக்கு அவன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஜெர்மன்காரி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

இன்றைக்குக் கூச்சல் இல்லை. கையில் தாளும் இல்லை. பரீட்சை ஜெர்மன் மொழியில்தான்; ஆனாலும் "டொச் வேண்டாம், தமிழிலயே கேளும்" என்று வேறு சொல்லிவிட்டான். துஷானிக்கு ஏதோ இடித்தது.

அவள் சோபாவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளாக அவளுக்கு அந்தச் சோபாதான் வீடு வாசல் எல்லாம். படித்தபடியே அதில் தூங்கிவிடுவாள். லேசாக இருமிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"படுத்தா எப்பிடி?"

"நேராப் படுக்க ஏலாது. சாய்ஞ்சு இருந்தாத்தான் நித்திரை."

"கால் வீங்குமோ?"

"பின்னேரத்தில வீங்கும். சொக்ஸைக் கழட்டினா அச்சு விழுந்திருக்கும்."

"எங்க, காட்டுங்கோ."

கிருபன் சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "கேள்வியை மட்டும் கேளும், மிஸி."

ஏன் ஒளிக்கிறான்? அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படி ஏறுவீங்களோ?"

"மூண்டாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. ரெண்டாம் மாடியில நிண்டு பையுக்குள்ள சாவி தேடுவன்."

"வீடு மூண்டாம் மாடி எண்டா, ஏன் ரெண்டாம் மாடியில தேடுறியள்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சாவி எப்பவும் ஜக்கெட் பொக்கெட்டிலதான். ஆனா ஒவ்வொரு நாளும் அங்க நிண்டு பையைக் கிண்டுவன். மூச்சு வாங்குதெண்டு எனக்கே நான் ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

துஷானியின் பேனா நின்றது. எந்தப் புத்தகத்திலும் நோயாளி சாவி தேடுவதில்லை. அதைக் கற்பனை பண்ணுகிற அளவுக்குக் கிருபனுக்கு மூளையும் கிடையாது. கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அப்படியானால் இது நடிப்பில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"டொக்டரிட்ட ஏன் போகேல்லை?"

"வியாழக்கிழமை ஒரு முக்கியமான அலுவல் இருக்கு. அது முடியட்டும் எண்டு..."

"என்ர பரீட்சை!" அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். "அதுக்காகவோ மறைச்சனீங்கள்? இது இதயக் கோளாறு போல இருக்கப்பா! ஒரு நாளும் பிந்தக்கூடாது. நாளைக்கே டொக்டரிட்டப் போகவேணும்!"

"அப்ப பரீட்சை?"

"போனாப் போகட்டும்! உயிர் போனா ஆர் தாறது?"

"சத்தியமாச் சொல்லும்."

"அம்மாளாணை!" அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கிருபன் நீளமாக மூச்சு விட்டான். ஒரு மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்தவன் போல இருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு டொக்டரைப் பாக்க டேர்மின் எடுத்திட்டன். சத்தியம் பண்ணிப்போட்டீர், இனி மாறக்கூடாது."

துஷானி அதைப் பறித்துப் பார்த்தாள். நோயாளியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'துஷானி கிருபன்' என்று எழுதியிருந்தது.

"ரெண்டாம் மாடியில நீர் சாவி தேடேக்க," என்றான் கிருபன், "ஒரு மாசமா நான் பின்னால நிண்டு பாக்கிறன்."