ரோஜாப்பூ போட்ட உறை

“என்ன சார், டி.வி.க்குக் குளிருதாமா? ஒரு போர்வையும் கொண்டு வந்துடுங்களேன்!”

டெஸ்பாட்ச் பெண் கேட்டதும் ஆபீஸே சிரித்தது.

ஸ்டோர்ஸ் சார் சிரிக்கவில்லை. மீட்டிங் ரூமில் நாற்காலி மேல் ஏறி நின்று, புதிதாக வந்திருந்த பெரிய திரையின் உச்சியில் ஒரு தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு ரோஜாப்பூ.

“தூசி படியும்மா.”

“தலையில மட்டும்தான் படியுமா சார்?”

அவர் மெதுவாக இறங்கி, நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

தையல் மிஷின் உதிரிபாகம் விற்கும் கம்பெனியின் கிளை அது. மொத்தம் பதினாலு பேர். ஸ்டோர்ஸ் சாருக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ், ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் சொல்கிற பெயர் ‘உறை சார்’. குடைக்கு உறை, கால்குலேட்டருக்கு உறை, ஸ்டேப்ளருக்குக்கூட உறை போடுகிறவர். பெயர் வைத்த புண்ணியவதி டெஸ்பாட்ச் பெண்தான். பிரசவ லீவு முடிந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வாய் மட்டும் முதல் நாளே டியூட்டியில் சேர்ந்துவிட்டது.

திரை வந்த இரண்டு வாரமாக இதே கதை. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் உறை ஏறும். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போய்விட்டு வருவதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டோர்ஸ் சார் கேன்டீன் பக்கமே வரமாட்டார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் எல்லாரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன். என்ன கேட்டாங்க தெரியுமா? ‘தினமும் ஒரு மணிக்கு எங்க சுவர்ல ஒரு ரோஜாப்பூ பூக்குதே, நீங்க அங்க வியாபாரம் பண்றீங்களா, தோட்டம் போடுறீங்களா’ன்னு!”

நாலைந்து பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

“இது டி.வி. இல்லை. வீடியோ மீட்டிங் ஸ்க்ரீன். மேலே பாருங்க, சட்டத்துக்குள்ளேயே கேமரா. ரூமுக்குள்ள ஆள் அசைஞ்சா போதும், தானா முழிச்சுக்கும். இங்க நடக்கிறது அங்க அவங்க ஹால் சுவர்ல பெருசாத் தெரியும். பதிவும் ஆகும்.”

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. ஒருவர் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“ஸ்டோர்ஸ் சார், மாட்ட வந்தவர் உங்ககிட்டதானே எல்லாம் விளக்கிட்டுப் போனார்?”

“ஆமா சார். கையெழுத்துப் போட்டு வாங்கினதே நான்தான்.”

“அப்போ தெரிஞ்சேதான் அதோட கண்ணைக் கட்டுறீங்க! உள்ள என்ன நடக்குது?”

“சார் டான்ஸ் பழகுறார்!” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“சிரிக்காதீங்க. நாளைக்கு அந்த உறை இருக்கக் கூடாது. ஒரு மணிக்கு என்னதான் நடக்குதுன்னு ஹெட் ஆபீஸும் பார்க்கட்டும், நாமளும் உட்கார்ந்து பார்ப்போம்.”

“வேண்டாம் சார்!”

அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவரே பயந்துபோய்ப் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“நானே சொல்லிடறேன். தூங்குவேன் சார்.”

“என்னது?”

“சாப்பிட்டதும் கண்ணு சொக்கும். கதவைத் தாழ் போட்டுட்டு, இந்த மேஜை மேலேயே… ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும்.” கொஞ்சம் யோசித்து, “குறட்டையும் வரும் சார்” என்று சேர்த்துக்கொண்டார்.

அறை அதிர்ந்தது. ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டுட்டு இதுவா சார் உங்க லட்சணம்? எழுதிக் கொடுங்க!”

நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். மேனேஜர் வாங்கி உரக்கப் படித்தார்: “மதியம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை மேற்படி அறையில் தூங்கியது நானே. வேறு எவருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.”

படிக்கும்போதே மேனேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை இழுத்துப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை.

“சரி, வயசு ஆகுது. அந்த அரை மணி நேரம் பிளக்கைப் பிடுங்கி வெச்சுடுங்க. கரண்ட் மிச்சம் பண்றோம்னு நான் சொல்லிக்கிறேன். அந்த ரோஜாப்பூவை மட்டும் தயவுபண்ணி வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. மெமோ வரும், வாங்கிக்குங்க.”

“ரொம்ப நன்றி சார்!”

மெமோ வாங்கப்போகிறவர் மாதிரியா சொன்னார்? பிரமோஷன் வாங்கினவர் மாதிரி சொன்னார்.

கலைந்து வெளியே வந்ததும் பின்வரிசைக்காரர் ஆரம்பித்தார். “இனிமே உறை சார் கிடையாது. குறட்டை சார்!”

சிரித்தபடியே எல்லாரும் டெஸ்பாட்ச் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவள் ஒன்று சொன்னால்தானே களைகட்டும்?

“என்னம்மா, இன்னிக்கு வாய்க்கு லீவா?”

தன் மேஜைக்குப் போய் டிபன் பாக்ஸை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் சாரையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த ஒரு மாதமாக, ஒன்றிலிருந்து ஒன்றரை வரை அந்த அறையில் யாருக்கும் தெரியாமல் தாழ் போட்டுக்கொண்டு, வீட்டில் விட்டுவிட்டு வந்த கைக்குழந்தைக்குப் பால் எடுத்து பாட்டிலில் சேர்த்துவைப்பவள் அவள்தான்.